காலம் சொல்லாத கடமை
ஆரணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு

இந்த ஆண்டின் உரைக்கு நான் எடுத்துக்கொண்டவை உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் எடுத்த இரண்டு முடிவுகள். ஏப்ரல் 8ஆம் நாள் வந்தது தீர்ப்பு; நவம்பர் 20ஆம் நாள் வந்தது கருத்துரை. சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பிய மசோதாவை ஆளுநர் எத்தனை நாள் தம்மிடம் வைத்திருக்கலாம் என்ற ஒரே கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு விடை சொல்கின்றன. கேள்வி எழுந்தது நம் தமிழ்நாட்டிலிருந்து. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் என்று அரசமைப்புச் சட்டத்தில் எழுதிச் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று நவம்பரில் சொன்னது சரியே. ஆனால் நாள் குறிக்கவே வேண்டாம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குறிக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். அதைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நாம்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். அரசமைப்புச் சட்டத்தின் 200ஆம் பிரிவின்படி ஆளுநர் மசோதாவுக்கு ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி அனுப்பலாம். பண மசோதா அல்லாததை ‘இயன்ற விரைவில்’ சட்டமன்றத்துக்கே திருப்பியும் அனுப்பலாம். அவை அதை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்கக் கூடாது. 2020 ஜனவரிக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே தமிழ்நாடு அனுப்பிய 12 மசோதாக்கள் முடிவின்றி நின்றன. அவற்றுள் இரண்டு, 2020 ஜனவரியில் அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை. ஆகவே இதை ஒரு கட்சியின் குறையாகச் சுருக்கிவிட முடியாது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்ற பிறகு, 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்தினார். நவம்பர் 18 அன்று சட்டமன்றம் சிறப்பாகக் கூடி அந்தப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று அவர் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார்.

நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் 2025 ஏப்ரலில் அந்தச் செயல் சட்டத்துக்கு முரணானது என்றார்கள். ஒரு மாதம், மூன்று மாதம் என்று கட்டத்துக்கு ஒரு கெடு வைத்தார்கள். குடியரசுத் தலைவருக்கும் மூன்று மாதம் என்றார்கள். முழு நீதி செய்ய நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் 142ஆம் பிரிவைக் கொண்டு பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று அறிவித்தார்கள். மே மாதம் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 143ஆம் பிரிவின்கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையில் ஐவர் அமர்வு நவம்பரில் விடை சொன்னது: நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதிக்கொள்ளவும் முடியாது. ஆனால் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்தி வைக்கும் உரிமை ஆளுநருக்கு இல்லை. நீண்ட காலம், காரணமும் சொல்லாமல், முடிவே இல்லாமல் மசோதா கிடந்தால், நியாயமான காலத்துக்குள் ஒரு முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் பணிக்கலாம்.

கெடுவைப் பற்றிய பேச்சில், வெறுமனே நிறுத்தி வைக்க உரிமையில்லை என்ற இந்தக் கருத்துரையின் நடுப்பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதன் அருமை நெசவறிந்த ஆரணிக்காரர்களுக்கு உடனே விளங்கும். நெய்து முடித்த சேலையை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டு போகிறார். அங்கே சேலையை விரித்து, நீள அகலமும் எடையும் பார்த்து, கரையையும் முந்தியையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். இழை விட்டிருந்தால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்வார்கள். சரியாக இருந்தால் எடுத்துக்கொண்டு கூலியைக் கணக்கில் எழுதுவார்கள். எடுத்துக்கொள்ளவும் மாட்டோம், குறையும் சொல்ல மாட்டோம், சேலை அலமாரியில் இருக்கட்டும் என்றால் அந்த வீட்டில் அடுத்த பாவு தறியேறாது. 200ஆம் பிரிவு கேட்பதும் இந்த நேர்மையைத்தான்: ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது குறையைச் சொல்லித் திருப்புங்கள்.

குறை சொல்லித் திருப்பும் வழி நடைமுறையில் பலன் தந்திருக்கிறது. இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவைச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றியது. 2023 மார்ச்சில் ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23 அன்று அவை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் வந்தது. திருப்பிய பிறகு ஒரு மாதச் சொச்சத்தில் காரியம் முடிந்தது. அதற்கு முன் சும்மா இருந்த மாதங்களே அதிகம். ஒப்புதல் வந்த அதே நாளில் சட்டமன்றம், ஆளுநருக்குக் காலக்கெடு வேண்டும் என்று தீர்மானமும் போட்டது. மன்னிப்பு அதிகாரத்தைச் சேர்ந்த, ஆயுள் தண்டனைக் கைதி பேரறிவாளன் விவகாரத்திலும் இதே நோயைக் காண்கிறோம். 2018 செப்டம்பரில் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநரிடமிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவில்லை. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தக் காரணத்தை எதிர்த்து வாதாடலாம். மௌனத்தை எதிர்த்து எதைச் சொல்லி வாதாடுவது?

கெடு வேண்டும் என்பதற்கு மறுப்புகள் உண்டு. மசோதாவைத் திருப்பி அனுப்பக் குடியரசுத் தலைவருக்கு வரைவில் ஆறு வாரம் என்றிருந்ததை நீக்கி, ‘இயன்ற விரைவில்’ என்று எழுதியவர்களே அரசமைப்பு அவையினர்தாமே என்பார்கள். உண்மை. ஆனால் அந்தச் சொல் விரைவையே கேட்கிறது. ஆறு வாரம் வரை போகலாம் என்றிருந்ததை எடுத்துவிட்டு விரைவில் என்று எழுதியவர்கள், ஆண்டுக்கணக்கில் நிற்க வழிவிட்டார்கள் என்பது பொருந்தாது. அவசரப்பட்டு நிறைவேற்றும் சட்டங்களைத் தடுக்க ஒருவர் வேண்டாமா என்பார்கள். வேண்டும். அதற்குத்தான் திருப்பி அனுப்பும் அதிகாரம். அதையும் தாண்டித் தவறான சட்டம் வந்தால் நீதிமன்றம் இருக்கிறது. வழக்குகளை ஆண்டுக்கணக்கில் இழுக்கும் நீதிமன்றம் பிறருக்குக் கெடு சொல்லலாமா என்ற கேள்வியும் நியாயமே. சில துணிவகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. அது செல்லும் என்று பர்வேஜ் அக்தர் வழக்கில் உறுதிப்பட 1993 ஆனது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் விசைத்தறி நின்று காத்திருக்கவில்லை. தாமதம் யாரிடம் நேர்ந்தாலும் அதன் விலை கைத்தறிக்காரர் தலையில்தான் விழுகிறது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவேதான் எழுதப்பட்ட கெடு வேண்டும் என்கிறேன். மத்திய மாநில உறவை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010லேயே ஆளுநருக்கு ஆறு மாதம் போதும் என்றது. 200ஆம் பிரிவைத் திருத்த, பாதி மாநிலங்களின் இசைவு தேவைப்படும் பட்டியலுக்குள் போக வேண்டியதில்லை. 368ஆம் பிரிவு சொல்லும் பெரும்பான்மையோடு இரு அவைகளும் நிறைவேற்றினால் போதும். இன்று எதிர்க்கட்சி ஆளும் மாநிலத்துக்கு வலிப்பது, இன்று மத்தியில் ஆளும் கட்சிக்கும் நாளை வலிக்கும். ஆகவே இது எல்லாக் கட்சிக்கும் பொதுவான தேவை. அதுவரை நவம்பர் கருத்துரை நம் கையில் ஒரு கருவியைத் தந்திருக்கிறது: காரணம் கேட்கும் உரிமை. மசோதா நின்றால், ஏன் நிற்கிறது என்று சட்டமன்ற உறுப்பினரும் பத்திரிகையும் வாக்காளரும் வாரந்தோறும் கேட்கட்டும். சங்கத்து மேசைமுன் நின்று, சேலையில் குறை எங்கே என்று காட்டச் சொல்லிக் கேட்கத் தெரிந்த ஊர் இது. அந்தக் கேள்வியைச் சென்னைக்கும் தில்லிக்கும் கேட்கும்படி கேளுங்கள்.