தண்ணி எந்தப் பக்கம் போகும்?

நான் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வர்றேன். "ஊர் வளரணும்னா காடு, ஏரி கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்"னு எதிரணிச் சகோதரி சொன்னாங்க. கொஞ்சமா? எங்க மழைத்தண்ணி செம்பாக்கம், நன்மங்கலம்னு ஏரி ஏரியா இறங்கி, பள்ளிக்கரணை சதுப்புநிலத்துல தங்கி, ஒக்கியம் மடுவு வழியா கடலுக்குப் போகணும். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் இருந்த சதுப்பு அது. பெருங்குடிக் குப்பைமேடு, ரோடு, கம்பெனின்னு எல்லாம் உட்கார்ந்த பிறகு 2007-ல் காப்புக்காடுன்னு அறிவிச்சது 317 ஹெக்டேர்! 2022-ல் ராம்சர் பட்டியல்ல சேர்த்தாங்க, சந்தோஷம்.

பறவைக்காக மனுஷன் இடம் விடணுமான்னு கேக்கறாங்க. ஐயா, பூநாரை நிக்கிற இடம்தான் எங்க தண்ணியும் நிக்கிற இடம்! அங்கே இடம் குறைஞ்சா எங்க வாசலுக்கு வரும். 2015 டிசம்பர்ல வந்தது.

எங்க மனைப் பத்திரத்துல "கிழக்கே வாய்க்கால்"னு எல்லை போட்டிருக்கு. இன்னிக்குக் கிழக்கே கல்யாண மண்டபம். தண்ணி எந்தப் பக்கம் போகும்னு சகோதரியே சொல்லட்டும்! (கைதட்டல்)