எபிசோட் 31: கல்லிடை சார்

போன வாரம் சொன்ன தலைப்பு இது இல்ல, அத இன்னொரு நாள் பேசுவோம். இன்னைக்கு எங்க வீட்டு விஷயம். அம்மாகிட்ட கேட்டுட்டேன். "பேரு மட்டும் சொல்லிராத"ன்னாங்க.

எங்க ஊரு அம்பாசமுத்திரம். அப்பா அம்மா பிரிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு. ரெண்டு பேரும் சம்மதிச்சு, இந்து திருமணச் சட்டம் 13பி-ல வாங்குன விவாகரத்து. சண்டையெல்லாம் அதுக்கு முன்னாடியே போட்டு முடிச்சிட்டாங்க. ரெண்டே வருஷத்துல அப்பா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. "ஆம்பள, சோத்துக்கு என்ன செய்வான் பாவம்"னு சொந்தக்காரங்களே பொண்ணு பாத்தாங்க. நானும் போய் சாப்பிட்டுட்டு வந்தேன்.

இந்த தீபாவளிக்குப் போனப்போ, போட்டோ எடுக்கிறதுக்காக அம்மாவோட வாட்ஸ்அப்ப என் லேப்டாப்ல லிங்க் பண்ணேன். லாக் அவுட் பண்ண மறந்துட்டேன். சென்னைக்கு வந்து ஒரு நாள், டெப்ளாய்மெண்ட் ஓடிக்கிட்டு இருக்கு, நோட்டிஃபிகேஷன் வருது. 'கல்லிடை சார்'. "ஆத்துல தண்ணி நல்லா போகுது. படித்துறைக்கு வாரீங்களா?" கல்லிடைக்குறிச்சி எங்களுக்கு எதிர்க்கரை, பாலம் தாண்டுனா வந்துரும்.

அதோட மூடியிருக்கணும். மூடல. மேல மேல போய் நாலு மாசத்த படிச்சேன். தப்பா ஒண்ணும் இல்ல. முட்டுவலி, அப்பளம், மோட்டார் ரிப்பேர். ஒரு இடத்துல அம்மா ஜோக் அடிச்சிருந்தாங்க. எங்கம்மா ஜோக் அடிப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. அங்கதான் கோவம் வந்துச்சு. ஏன்னு இப்பவும் சரியா சொல்லத் தெரியல.

போன் போட்டேன். "யாரும்மா அந்த ஆளு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஏல, உங்கப்பா கல்யாணத்துல ரெண்டாம் பந்தில உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தவன்தான நீ? மொதல்ல அதுல இருந்து என் வாட்ஸ்அப்ப எடு."

எடுத்துட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு, ரொம்பப் பெருந்தன்மையா, "கல்யாணம் பண்ணிக்கோயேம்மா"ன்னேன். அப்பதான் அடுத்த விஷயம் தெரிஞ்சது. அம்மாவுக்கு மாசாமாசம் ஜீவனாம்சம் வருது. சட்டத்துல 25(3)ன்னு ஒரு பிரிவு. வாங்குறவங்க மறுமணம் பண்ணிக்கிட்டா, கொடுக்குறவங்க கோர்ட்டுக்குப் போய் அத மாத்தவோ நிறுத்தவோ கேக்கலாம். தானா நிக்காது, கோர்ட்டுதான் முடிவு பண்ணும். மனைவி 'கற்போட இல்ல'ன்னு காட்டினாலும் கேக்கலாம்னு அதே பிரிவுல எழுதியிருக்கு. கணவர் வாங்குனா அவருக்கும் இதே மாதிரி ஒரு வரி உண்டு. 1955-ல போட்ட சட்டம். படித்துறைல அம்மா ரெண்டு படி தள்ளி உக்காருறது ஊரு வாய்க்குப் பயந்துன்னு நெனச்சேன். அவங்க சட்டத்தையே படிச்சு வச்சிருக்காங்க.

இதெல்லாம் நேத்து வந்த பேச்சும் இல்ல. 1929-லயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல விவாகரத்து உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டாங்க. டெல்லிக்கு ஆறு வருஷம் முன்னாடியே, 1949-ல, மெட்ராஸ் மாகாணத்துல இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்துருச்சு. ஏட்டுல சட்டம் வர்றதுக்கு முன்னாடியும் வழக்கம் இருந்துச்சு. தெக்கத்திப் பக்கம் பல சமூகங்கள்ல 'அறுத்துக் கட்டுறது'ம்பாங்க. பழைய தாலிய அறுத்துட்டு வேற தாலி கட்டிக்கிறது. எங்க வீட்டுல அந்த வார்த்தைய ஏளனமாத்தான் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் கேட்டு வளந்தேன். இந்தத் தடவ எங்க ஆச்சி சொன்னாங்க: "நம்ம வயல்ல நாத்து நட வந்தவளுவ அறுத்துக் கட்டிக்கிட்டு நிம்மதியாத்தான் இருந்தாளுவ. நாமதான் பெரிய இதுன்னு ஒக்காந்திருந்தோம்."

அந்தப் பணத்த நானே தரேன்னு அம்மாகிட்ட சொன்னேன். "உங்கப்பா தர வேண்டியத நீ ஏன் தரணும்? இருவத்திரெண்டு வருஷம் ஒலை வச்சிருக்கேன்"னாங்க. பதில் இல்ல எங்கிட்ட.

ஒரே தொகையா மாத்திக்க வழி இருக்கான்னு கேக்க, திருநெல்வேலில ஒரு வக்கீல்கிட்ட நேரம் வாங்கியிருக்கோம். அப்பாகிட்ட நான் பேசணும், இன்னும் பேசல. அதுவரைக்கும் படித்துறைதான், ரெண்டு படி தள்ளி. உங்க வீட்டுலயும் இப்படி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேரு இல்லாம.