தள்ளிப்போடும் மாணவரும் செயல்வழி மொழிக்கற்றலும்

மொழி பயிலும் மாணவர் பாடத்தை நாளைக்கு என்று ஒத்திவைக்க மூன்று காரணங்கள் உண்டு. பலன் தொலைவில் இருக்கிறது. வேலைக்கு எல்லை தெரிவதில்லை. வாயைத் திறந்தால் தவறு வெளிப்பட்டுவிடும் என்ற கூச்சம் தடுக்கிறது. தள்ளிப்போடுதல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் கட்டுரை வெளியிட்ட உளவியலாளர் பியர்ஸ் ஸ்டீல், வேலையின் மீதான வெறுப்பையும் பலன் கிட்டுவதில் உள்ள தாமதத்தையும் வலுவான காரணிகளாகக் காட்டினார்.

சென்னையில் ஜப்பானிய மொழி பயில்வோரிடம் இதைத் தெளிவாகக் காணலாம். ஜே.எல்.பி.டி. எனப்படும் மொழித்திறன் தேர்வு இந்தியாவில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஐந்தாறு மாதம் இருக்கிறது என்ற நிம்மதியில் பாடம் தேங்குகிறது. கடைசி வாரங்களில் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதே பயிற்சி ஆகிறது.

அப்படிப் படிப்பது உடனடித் தெளிவைத் தரும், நிலைக்காது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தனர். எனவே புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்வதே செயல்வழிக் கற்றலின் முதல் உத்தி.

இரண்டாவது, இடைவெளி விட்டுப் பயில்வது. செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பிய அட்டைப்பெட்டி முறையில், சரியாகச் சொன்ன அட்டை, நீண்ட இடைவெளியில் பார்க்கப்படும் அடுத்த அறைக்குப் போகும். தவறியது முதல் அறைக்குத் திரும்பும். அட்டையின் முன்புறம் ‘யொமு’ (படி) என்றிருக்கும். மாணவர் ‘யொந்தெ’ என்ற எச்ச வடிவத்தைத் தாமே சொல்லிவிட்டுப் பின்புறம் பார்க்க வேண்டும். அதே விதியால் ‘நொமு’ (குடி) என்பதிலிருந்து ‘நொந்தெ’ வருவதையும் கண்டுகொள்வார். பத்து அட்டை என்பது இன்றே தொடங்கி இன்றே முடியும் வேலை. எல்லை தெரியாத மலைப்பு இங்கே நீங்குகிறது.

மூன்றாவது, பேச்சும் எழுத்தும். ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுப் பகுதி இல்லாததால் மாணவர் முதலில் தள்ளிப்போடுவது பேச்சைத்தான். ஜப்பானியத்திலும் தமிழைப் போல வினை இறுதியில் வரும். வேற்றுமை உருபுகளைப் போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின் வரும். ஆகவே தமிழ் மாணவர் முதல் வாரத்திலேயே சிறு வாக்கியம் அமைக்க முடியும். இருவர் இருவராக, மதிப்பெண் இன்றிப் பேசவைத்தால் கூச்சம் குறையும்.

நான்காவது, இடைக்கெடு, அதாவது இறுதிநாளுக்கு முன்பே இடையிடையே விதிக்கும் கெடு. ஆய்வாளர்கள் ஏரியலியும் வெர்டன்புரோக்கும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று பிரதிகளைப் பிழைதிருத்தும் வேலை மாணவர்களிடம் தரப்பட்டது. சீரான இடைவெளியில் கெடு விதிக்கப்பட்டவர்கள் அதிகப் பிழைகளைக் கண்டனர்; இறுதிநாள் மட்டுமே கெடுவாக இருந்தவர்கள் பின்தங்கினர்.

தவறவிட்ட நாளுக்காக மாணவரைக் கடிந்துகொள்வது உதவாது. கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குமுன் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டனர்.

ஆகவே நாம் ஆராய வேண்டியது பாடத்திட்டத்தின் வடிவத்தை. வாரந்தோறும் சிறு நினைவுச் சோதனை, வகுப்பிலேயே தொடங்கிவைக்கப்படும் வீட்டுப்பாடம், மதிப்பெண் இல்லாத பேச்சு நேரம் ஆகிய மூன்றையும் பாடத்திட்டமே தர வேண்டும். மாணவரின் மனவுறுதியை மட்டும் நம்பியிருக்கும் வகுப்பு, உதவி மிகவும் தேவைப்படுபவரையே கைவிட்டுவிடும்.