அடுத்த தட்டிலுள்ள நூல்கள்



வீரச் செயல்களும் மாயங்களும் நிறைந்த நாவல்களுள் எவற்றைப் படிக்கலாம் என்று கேட்டால், உங்களுள் பெரும்பாலோர் ‘புதையல் தீவு’, ‘ராபின்சன் குரூசோ’, ‘ஹாரி பாட்டர்’ என்று தயங்காமல் சொல்லிவிடுவீர்கள். அவை நல்ல நூல்கள்தாம். ஆயினும் அவற்றுக்கு என் பரிந்துரை வேண்டுவதில்லை. நூலகத்தில் அவை நிற்கும் தட்டுக்கு அடுத்த தட்டில், எடுப்பாரின்றித் தூசி படிந்து நிற்கும் நூல்கள் சில உண்டு. அவற்றுள் சிலவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

அதற்கு முன் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1987ஆம் ஆண்டு, நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் மேசைக்கடியில் எதையோ மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். ‘கவனச் சிதறல்’ பற்றிப் பயிற்சிக் கல்லூரியில் ஓர் அத்தியாயத்தையே மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான், சும்மா விடுவேனா? நூலைப் பறித்துக்கொண்டேன். அது ஓர் ஆங்கில நாவல். ஆங்கில வகுப்பில் ஆங்கில நூல் படித்த குற்றத்துக்காக ஒரு பையனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்த அறிவாளி நான்! “தேர்வு முடிந்து வாங்கிக்கொள்” என்றேன். “சார், கடைசி அறுபது பக்கம் மட்டும்…” என்று தொடங்கினான். நான் கேட்கவில்லை. கோடை விடுமுறையில் அவன் தந்தைக்கு மாற்றலாயிற்று. குடும்பம் ஊரை விட்டுச் சென்றது. நூல் என் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

நான் ஊர் மாறியபோதெல்லாம் அதுவும் என்னுடன் வந்தது. ஒரு முறைகூட அதை நான் பிரித்ததில்லை. 2017ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபின், பழைய பெட்டிகளை ஒழுங்கு செய்யும்போது அது கையில் அகப்பட்டது. நடுவில் ஒரு பேருந்துச் சீட்டு, அவன் வைத்த அடையாளம். அன்றிரவே படிக்கத் தொடங்கினேன். விடியும் முன் முடித்தேன்.

ஜான் மீட் ஃபாக்னர் என்னும் ஆங்கிலேயர் 1898இல் எழுதிய ‘மூன்ஃப்ளீட்’ என்பதே அந்நூல். அவர் தொழில்முறை எழுத்தாளர் அல்லர். பீரங்கியும் கப்பலும் செய்யும் பெரிய நிறுவனமொன்றில் உயர்ந்து, அதன் தலைவராகவே விளங்கியவர். எழுதியவை மூன்றே நாவல்கள்.

கதை நிகழ்வது 18ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சிற்றூரில். ஊரில் பெருவெள்ளம் வந்து வடிந்தபின், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின்போது மாதா கோயில் தரைக்கடியிலிருந்து ‘தொம், தொம்’ என்று ஓசை எழுகின்றது. கீழே இருப்பது ஒரு பழைய பிரபுக் குடும்பத்தின் கல்லறை. பிணப்பெட்டிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று ஊரார் நடுங்குகின்றனர். தாய் தந்தையற்ற பதினைந்து வயதுச் சிறுவன் ஜான் டிரென்சார்ட் நிலவறைக்குள் நுழைந்து பார்க்கின்றான். வெள்ளத்தில் மிதந்து மோதியவை கள்ளக் கடத்தல்காரர் ஒளித்து வைத்த சாராயப் பீப்பாய்கள்! அங்கே ஒரு பிணப்பெட்டியில் அவனுக்கு ஒரு பதக்கம் கிடைக்கின்றது. அதனுள் மடித்து வைத்த காகிதத்தில் விவிலியச் சங்கீதங்களின் அடிகள் சில. அவற்றின் எண்கள் மட்டும் தவறாகக் குறிக்கப்பட்டுள்ளன. அந்தத் தவறே ஒரு பெரிய வைரத்துக்கு வழிகாட்டும் குறிப்பு.

வைரம் இருப்பது ஒயிட் தீவில் உள்ள கரிஸ்புரூக் கோட்டைக் கிணற்றில். முதலாம் சார்லஸ் மன்னன் 1647இல் சிறை வைக்கப்பட்டது இக்கோட்டையில்தான். கழுதை ஒன்று பெரிய மரச்சக்கரத்தின் உள்ளே நடக்க, கயிறு சுற்றி வாளி மேலே வரும். நம் ஊர்க் கமலையில் மாடு செய்யும் வேலையை அங்கே கழுதை செய்கின்றது. இன்றும் அங்குச் செல்லும் பயணிகளுக்குக் கழுதைகள் அச்சக்கரத்தில் நடந்து காட்டுவதுண்டு. அந்த வாளியில் அமர்ந்து ஜான் எண்பது அடி இறங்குகின்றான். செங்கல்லைப் பெயர்த்து வைரத்தை எடுக்கின்றான். வாளி மேலே ஏறுகின்றது. கிணற்றின் விளிம்பில் அவனைத் தந்தைபோல் காக்கும் எல்செவிர் நிற்கின்றார். கூடவே நிற்கும் சிறைக்காவலன், சிறுவன் வெளியேறு முன்பே கையை நீட்டுகின்றான்: “கல்லை முதலில் என்னிடம் கொடு.” கீழே இருண்ட ஆழம், மேலே பேராசைக்காரன் கை. யாரைக் கேட்பது? கேட்க நேரமேது? பேருந்துச் சீட்டு இருந்தது இந்தப் பக்கத்தில்தான்.

மேலே என்ன நிகழ்ந்தது என்பதை நான் சொல்லப் போவதில்லை. வைரத்தைத் தேடிப் போகும் கதைகள் ஆயிரம் உண்டு. கிடைத்தபின் அதனால் விளைவது என்ன என்பதை இத்துணை அஞ்சாமல் சொல்லும் சிறுவர் நாவலை நான் வேறு கண்டதில்லை.

அன்று முதல் இத்தகைய நூல்களைத் தேடிப் படிப்பதே என் ஓய்வுக்காலத் தொழிலாயிற்று. இவற்றில் நல்லவற்றுக்கெல்லாம் ஒரு பொதுத் தன்மை இருக்கக் கண்டேன். வாளும் கப்பலும் பூதமும் வெறும் ஆடை அணிகளே. உள்ளே இருப்பது, பெரியவர் எவரும் அருகில் இல்லாத ஒரு கணத்தில் இளையவர் ஒருவர் தாமே முடிவு செய்ய நேரும் நிலை. வகுப்பறையில் அந்த நிலையை நாங்கள் உங்களுக்குத் தருவதே இல்லை. விடையை நாங்கள் முன்பே வைத்துக்கொண்டுதானே வினாக் கேட்கின்றோம்!

டச்சு மொழியில் டோன்கே டிராக்ட் என்ற அம்மையார் 1962இல் எழுதிய ‘மன்னனுக்கு ஒரு கடிதம்’ என்ற நாவலைப் பாருங்கள். டியூரி என்னும் பதினாறு வயது இளைஞன் மறுநாள் வீரனாகப் பட்டம் பெற வேண்டியவன். முதல்நாள் இரவு முழுவதும் ஒரு சிறு கோயிலில் விழித்திருக்க வேண்டும். உண்ணலாகாது, பேசலாகாது, எவர் தட்டினும் கதவைத் திறத்தலாகாது. நள்ளிரவில் கதவு தட்டப்படுகின்றது. உதவி கோரும் ஒரு குரல். திறந்தால் பட்டம் போயிற்று, திறவாவிட்டால்? அவன் திறக்கின்றான். பின்னர் நானூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களும் அந்தக் கதவின் வழியே விரிகின்றன. இதை எழுதிய அம்மையார் ஜாவாத் தீவில், இன்றைய ஜகார்த்தாவில், 1930இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர் முகாமில் சிறுமியாக அடைபட்டுக் கிடந்தார். அங்கே கிடைத்த காகிதங்களிலெல்லாம் தோழியுடன் சேர்ந்து கதை எழுதினார். பின்னர் ஓவிய ஆசிரியையானார். இந்நூல் ஆங்கிலத்தில் வர ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று; 2013இல்தான் வந்தது.

அறிவியல் மாணவர்களுக்கு ஜூல்ஸ் வெர்ன் 1874-75இல் எழுதிய ‘மர்மத் தீவு’. நாட்டிலஸ் கப்பலின் தலைவன் நெமோவை நீங்கள் அறிவீர்கள். அவன் யார் என்பதை அறிவீர்களா? அவ்விடை இந்நூலின் இறுதியில் உள்ளது. அவன் பந்தேல்கண்டத்து இளவரசன் டக்கார், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் எல்லாவற்றையும் இழந்த இந்தியன்! திப்பு சுல்தானின் உறவினன் என்றும் வெர்ன் சேர்த்துக்கொள்கின்றார். இது வரலாறு ஆகாது. ஆயினும் கேட்க இனிக்கின்றது. ஐந்து மனிதரும் ஒரு நாயும் பலூனில் தப்பி ஆளற்ற தீவில் விழுகின்றனர். இரு கைக்கடிகாரங்களின் கண்ணாடிகளுக்கிடையே நீரை நிரப்பிக் குவிலென்சு செய்து தீ மூட்டுகின்றனர். ஒருநாள் சிறுவனின் சட்டை மடிப்பில் ஒரே ஒரு கோதுமை மணி கிடைக்கின்றது. கப்பலோட்டி சிரிக்கின்றான். பொறியாளரோ கணக்கிடுகின்றார்: ஒரு மணிக்குப் பத்துக் கதிர், கதிருக்கு எண்பது மணி, முதல் விளைச்சல் 800, இரண்டாவது 6,40,000, மூன்றாவது 51 கோடியே 20 இலட்சம். விதைநெல்லைப் பஞ்சத்திலும் தொடாத குடியில் பிறந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தை விளக்க வேண்டுவதில்லை. நடுவில் கதை சற்றே இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாயக் கதை வேண்டுவோர் ஜார்ஜ் மெக்டொனால்டு 1872இல் எழுதிய ‘இளவரசியும் பூதமும்’ படிக்கலாம். மலைக்கடியில் வாழும் பூதங்களுக்குத் தலை கல் போன்றது. பாதமோ பஞ்சு போன்றது. பாட்டுக் கேட்டால் ஓடிவிடும். எட்டு வயது இளவரசி ஐரீன், கண்ணுக்குத் தெரியாத நூலிழை ஒன்றை விரலால் தடவிக்கொண்டே இருட்டுச் சுரங்கத்துள் நடக்கின்றாள். அவ்விழையை உடன் வரும் சுரங்கச் சிறுவன் உணர முடிவதில்லை, நம்பவும் மறுக்கின்றான். அவள் அவனோடு வழக்காடுவதில்லை, நடந்துகொண்டே இருக்கின்றாள். சிறு குழந்தைகளுக்கான நூல் என்று கல்லூரி மாணவர் இதை ஒதுக்கிவிட வேண்டா.

ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954இல் எழுதிய ‘ஒன்பதாம் படையின் கழுகு’ பற்றியும் ஒரு சொல். காலில் காயமுற்றுப் படையிலிருந்து விலக்கப்பட்ட ரோமானிய இளைஞன் ஒருவன், தந்தையோடு காணாமற்போன படையின் கழுகுச் சின்னத்தைத் தேடி, கண் மருத்துவன் வேடத்தில் வடபிரிட்டனுக்குச் செல்கின்றான். அப்படை அங்கேதான் அழிந்தது என்பதை வரலாற்றாசிரியர் இன்று ஐயுறுகின்றனர். நெதர்லாந்தில் அதன் சுவடுகள் பின்னர்க் கிடைத்துள்ளன. அதனால் கதைக்கு ஒன்றும் குறைவில்லை. இளமையிலேயே மூட்டு நோயால் நடை தளர்ந்த அம்மையார் அவர். நொண்டிக் காலோடு மலையேறும் வலியை எவ்வாறு எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இவையெல்லாம் ஆங்கிலத்திலல்லவா இருக்கின்றன என்று தயங்குகின்றீர்கள் போலும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் அகராதியைப் புரட்டாதீர்கள். முதல் இருபது பக்கம் கரடுமுரடாக இருக்கும்; கதை பிடித்துக்கொண்டால் சொற்கள் தாமே வழிவிடும். ஃபாக்னர், வெர்ன், மெக்டொனால்டு ஆகியோர் நூல்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டமையால், அவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஏனைய இரண்டையும் உங்கள் நூலகரிடம் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்குமாறு எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். எந்த ஊரிலேனும் அவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, உன் நூல் என்னிடம் பத்திரமாக இருக்கின்றது. பேருந்துச் சீட்டையும் அதே பக்கத்தில்தான் வைத்திருக்கின்றேன். வானொலி நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால் எனக்கு வந்து சேரும்.