கம்பிவழிச் செல்லும் காட்சி

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் அரியர். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அக்காலத்து இலங்கை அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் அவ்வொலியைத் தோணியிற் சென்று கேட்டார். தோணியின் மரத்திற் செவியை வைத்தபோது ஒலி மிகுந்து கேட்டதென்று அவர் எழுதிவைத்திருக்கிறார். துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறு நுனியைக் காதோடு சேர்த்துக் கேட்பது வாவிக்கரை மக்களின் வழக்கம். காற்றை நம்பியிருந்தால் வந்து சேராத மெல்லொலியைத் துடுப்பின் மரம் தாங்கி வருகின்றது.

காட்சியைத் தொலைவுக்கு அனுப்புவதிலும் இதே வினாத்தான் எழுகின்றது: தாங்கிச் செல்வது எது? படுவான்கரைக் கிராமம் ஒன்றில் வடமோடிக் கூத்து அரங்கேறுகின்றது என்று வைத்துக்கொள்வோம். வட்டக்களரியைச் சுற்றிச் சனம் நெருங்கி நிற்கின்றது. முதியோர் அந்நெரிசலில் விடியும்வரை இருக்க மாட்டார்கள். அறுபது மீட்டர் தள்ளியுள்ள பாடசாலை மண்டபத்தில் ஒரு திரையை வைத்து, களரியிலுள்ள கமராவின் படத்தை அங்கே காட்டலாம். ஆனால் சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் நம்புவதற்கில்லை. இங்கேதான் ‘எக்ஸ்டெண்டர்’ என்று கடைகளில் வழங்கும் சிறு பெட்டிச் சோடி உதவுகின்றது. ஒரு பெட்டி கமராவின் பக்கம். மற்றது திரையின் பக்கம். இடையே கணினி வலையமைப்புக்குப் பயன்படும் மலிவான கேபிள்.

அந்தக் கேபிளின் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு சோடிகளாக இருக்கும். முறுக்கு அழகுக்காக அன்று. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் சோடியின் இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கும்; பெறுமிடத்தில் இரண்டின் வித்தியாசம் மட்டுமே கணிக்கப்படுவதால் இரைச்சல் கழிந்துபோகும். தொலைபேசிக்குப் பேர்போன அலெக்சாண்டர் கிரகம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. நுனியிற் கம்பிகளைச் செருகுபவர் இரு முனையிலும் ஒரே வரிசையைப் பின்பற்றி, ஆனால் சோடிகளைக் கலைத்துவிட்டாரானால், விளக்கெரியும் சோதனைக் கருவி குறையொன்றும் காட்டாது. எட்டு விளக்கும் ஒழுங்காய் எரியும். படம் மட்டும் வராது. பழி பெட்டியின்மேல் விழும்!

கேபிளின் உலோகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செப்புப் பூசிய அலுமினியக் கம்பியைச் செப்பென்று விற்பவர் உண்டு. கத்தியாற் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அலுமினியம் செப்பைப்போல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆகவே பெட்டியின் மேலுறையில் அச்சிட்ட தூரம் அக்கம்பிக்குப் பொருந்தாது.

சோதனையில் மிகப் பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. மேசைமேல் இரண்டு மீட்டர்க் கேபிளை மாட்டிப் படம் தெளிவாய் வந்ததும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். பழைய தொலைக்காட்சியில் சமிக்ஞை நலிய நலியப் படத்திற் புள்ளிகள் மழைபோல் மெல்லப் பெருகும். பார்ப்பவருக்கு முன்னறிவிப்புக் கிடைக்கும். இலக்கமுறைப் படம் அவ்வாறன்று. எல்லைவரை பழுதின்றி நிற்கும். எல்லையிற் சிறிது மின்னிச் சிதறும். தாண்டியதும் திரை இருண்டுபோகும். ஆதலால் அறுபது மீட்டர் தேவையானால் எண்பது மீட்டரிற் சோதிப்பதே அறிவு. சோதனையும் ஐந்து நிமிடத்தோடு முடியக்கூடாது. கூத்து இரவு முழுவதும் நடப்பது, பெட்டியோ சூடேறுவது.

இனிக் காலதாமதம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகளைக் கொண்ட படம் விநாடிக்கு 60 முறை மாறுமாயின், விநாடியொன்றுக்கு ஏறத்தாழ 300 கோடி இருமக் குறிகளை அனுப்ப வேண்டும். விலை குறைந்த பெட்டிகளுட் பல இச்சுமையைச் சுருக்கிக் கட்டி அனுப்பி, மறுமுனையில் அவிழ்க்கின்றன. கட்டவும் அவிழ்க்கவும் நேரம் செல்லும். இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கணினியில் ஓடும் நிறுத்தற் கடிகாரத்தை நேரடியாக ஒரு திரையிலும், பெட்டிகளின் வழியாக மற்றொரு திரையிலும் காட்டி, இரண்டையும் ஒரே புகைப்படத்தில் எடுத்து, எண்களைக் கழித்துப் பார்த்தாற் போதும். திரைகளை மாற்றி மறுமுறையும் அளந்தால், திரையின் சொந்தத் தாமதம் எவ்வளவென்பதும் தெரிந்துவிடும்.

விநாடியிற் பத்தில் ஒரு பங்கு தாமதம் சொற்பொழிவுக்குப் பெரிதன்று. கூத்துக்கோ அண்ணாவியாரின் மத்தள அடியும் ஆடுவோரின் காலடியும் பிரிந்து நின்றால் ஆட்டமே குலைந்துபோகும். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. களரியின் மத்தள ஒலி காற்றுவழியே அறுபது மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.17 விநாடி ஆகும். மண்டபத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் களரியின் ஒலியையே கேட்பவருக்கு, படம் அதே அளவு பிந்தி வருவது நன்மையாகவே முடியும்! தாமதமற்ற உயர்ந்த கருவியிலோ காலடி முந்திவிடும். ஒலிவாங்கியிலிருந்து தனிக் கம்பியிழுத்து மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்தால் நிலைமை தலைகீழ். அப்போது ஒலியையும் கமராவிற் கொடுத்துப் படத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஆகவே மலிவான பெட்டி ஆகுமா ஆகாதா என்பதைக் களரியில் நின்று கேட்டே சொல்ல முடியும். கடையில் நின்று சொல்ல முடியாது.

இவ்வகைப் பெட்டிகளுட் சிலவற்றின் கேபிளைக் கணினி வலையமைப்பின் சுவிட்சில் மாட்டலாம், சிலவற்றை மாட்டக்கூடாது. துவாரம் ஒரேமாதிரி இருப்பதால் தவறு எளிதில் நேரும்; கையேட்டைப் பார்த்துச் செய்வது நலம். இடிமின்னல் மிகுந்த மாலைகளில், கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்த செப்புக் கம்பியை இரு முனையிலும் கழற்றிவிட வேண்டும்.

நல்ல கருவிகளும் பொதுவாக நூறு மீட்டரளவையே எல்லையாகக் கொண்டவை. கல்லடிப் பாலத்தின் நீளமோ ஏறத்தாழ 290 மீட்டர். வாவியின் ஒரு கரையில் ஆடுவதை மறுகரையிற் காட்ட விரும்புவோர் செப்பை விட்டு ஒளியிழைக் கேபிளை நாட வேண்டியிருக்கும்.