சுவருக்கு யார் சாட்சி?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'ஒடுக்கப்பட்டோர் விடுதலையும் கிறித்தவர் அழைப்பும்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் சாமியார் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. சேரியில் பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி, அதே சேரியில் வளர்ந்தவன். பட்டதிலிருந்து பேசுகிறேன்.

எங்க அப்பாயி செத்தப்ப எனக்குப் பதினோரு வயசு. கெழவி சாகுறவரைக்கும் ஜெபமாலையக் கீழ வைக்கல. எங்க பங்குல ஒரு பிணவண்டி இருந்துச்சு. அதை வாங்க எங்க தெருவும்தான் வரி கொடுத்துச்சு. எங்க அப்பா போயி அந்த வண்டியக் கேட்டு நின்னாரு. "அது ஒங்க தெருவுக்கு வராதுப்பா"ன்னுட்டாங்க. தோள்லதான் தூக்கிட்டுப் போனோம். கல்லறைத் தோட்டத்துல நடுவுல ஒரு சுவரு. அதுக்கு இந்தப் பக்கம், முள்ளுக்குள்ள குழி. சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சு ஜெபிச்சாரு. சுவரப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "மோட்சத்துலயும் நடுவுல சுவர் இருக்குமாப்பா?"ன்னு கேட்டேன். "பேசாம வாடா"ன்னாரு.

இந்தச் சுவர் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. இதற்கும் உச்சநீதிமன்றத்திற்கும் தொடர்பு உண்டு.

சூசை என்பவர் சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த உழைப்பாளி. ஆதிதிராவிடர், கிறித்தவர். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மதத்தைக் காட்டி அவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கி வைத்திருந்தது. அவர் வழக்குப் போட்டார். 1985இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்றது.

சான்றா இல்ல? எங்க அப்பாயி குழிக்குப் பக்கத்துல செங்கல்லும் சுண்ணாம்புமா நிக்குதே! அதைக் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டியது யார்?

சபையில் நாம் ஓயாமல் சொல்லும் வார்த்தை 'சாட்சி'. காய்ச்சல் விட்டால் சாட்சி சொல்கிறோம். பரீட்சையில் தேறினால் சாட்சி சொல்கிறோம். சுவருக்கு மட்டும் சாட்சி இல்லை.

இயேசு நாசரேத்துக்கு வந்ததை லூக்கா 4ஆம் அதிகாரத்தில் படித்திருப்பீர்கள். ஏழைகளுக்கு நற்செய்தி, ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலை என்று ஏசாயாவிலிருந்து வாசிக்கிறார். எல்லோரும் பாராட்டுகிறார்கள். நம்ம தச்சன் மகனா இப்படிப் பேசுறான் என்று வியக்கிறார்கள். பிறகு அவர், பஞ்சகாலத்தில் எலியா அனுப்பப்பட்டது வெளியூர் விதவையிடம், குணமானது சீரியனான நாமான் என்கிறார். அவ்வளவுதான். எழுந்து அவரை மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பொதுவாக நீதி பேசியவரை மெச்சியவர்கள், அந்த நீதி தங்கள் பெருமையைத் தொட்டதும் கொலைக்குத் துணிந்தார்கள். இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. தலித் விடுதலை ஞாயிறு கொண்டாடலாம். சுவரை இடிக்கணும்னு சொல்லிப் பாருங்க, மலை விளிம்பு தெரியும்.

2008 மார்ச்சில் எறையூரில் அது தெரிந்தது. தலித் கிறித்தவர்கள் சம உரிமை கேட்டார்கள், தனிப் பங்கு கேட்டார்கள். அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் இறந்த இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள்தான் இரு பக்கமும் நின்றார்கள். சாதி அதைக் காப்பாற்ற வந்தவர்களையும் காவு வாங்குகிறது.

'நாம இதைப் பேசினா சபை உடையும்' என்கிறார்கள். கல்லறையில் உடைந்து கிடப்பது சபை இல்லையா?

'மதம் மாறினீங்க, அப்புறம் எதுக்குச் சலுகை?' என்று வெளியே கேட்கிறார்கள். நாங்க சாமியத்தான் மாத்தினோம். தெருவ யாரும் மாத்திக் கொடுக்கல. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. நமக்கு இல்லை. தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தனித் தொகுதியில் நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தாலும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்காக வராது. மதத் தடையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள்.

சபைத் தலைவர்கள் இந்த உரிமைக்காக டெல்லியில் ஊர்வலம் போகிறார்கள். நல்லது, நாமும் போவோம். ஆனால் டெல்லியில் 'எங்களுக்குள் தீண்டாமை இருக்கிறது' என்று மனுக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வந்து 'எல்லாரும் ஒரே குடும்பம்' என்று பிரசங்கம் செய்தால் அது எப்படிச் சாட்சியாகும்? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை அதில் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டது முதல் படி. அடுத்த படிக்குக் கடப்பாரை வேணும்.

கிறித்தவ அழைப்பு என்று நான் புரிந்துகொண்டது இதுதான்: தருமம் செய்வதல்ல, சொந்த வீட்டுக்கு எதிராகவும் உண்மையைச் சொல்வது. பழைய துணி கொடுக்கிறவரை யாரும் மலையிலிருந்து தள்ளுவதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போவீர்கள். மெழுகுவர்த்தியோடு ஒரு நோட்டும் கொண்டுபோங்கள். எந்தப் பக்கம் யார் புதைந்திருக்கிறார்கள், சுவர் எப்போது எழுந்தது, தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, பங்குப் பேரவையில் யார் இருக்கிறார்கள், சபைப் பள்ளிக்கூடத்தில் நம்மவர் எத்தனை பேருக்கு வேலை என்று எழுதுங்கள். பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதி ஆயருக்கு, ஒரு பிரதி நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கறிஞருக்கு.

சூசை கேட்டு வந்தபோது நம்மிடம் நோட்டு இல்லை. அடுத்தவர் வரும்போது இருக்கணும்.

எங்க அப்பா இப்ப இல்ல. அவரும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் கிடக்கிறார். இனிமேல் பேசாமல் வர என்னால் முடியாது.