பில் பாக்கியும் கோர்ட்டும்

தறியையே நம்பியிருந்த நம் பொதட்டூர்பேட்டையினின்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் சென்று கட்டடக் கண்டிராக்டு எடுக்கும் இளைஞர் நம்மவருள் உளராதலின், அவர்தம் பில் பாக்கியைக் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை நடக்கும்போதே பில் தகராறு தீர்க்கப்படுகின்றது. தீர்ப்பைத் தள்ளக் கோருவோர், கொடாத தொகையைக் கோர்ட்டில் கட்டல் வேண்டும். நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை; 1996ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டமே உளது. அதன் 34ஆம் பிரிவின்படி மூன்று மாதத்துள், தக்க காரணமிருப்பின் மேலும் 30 நாளுள், தீர்ப்பை எதிர்த்து மனுச் செய்யலாம். மனுப் போட்ட மாத்திரத்தில் பணம் நின்றுவிடும் பழைய கொடுமை 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒழிந்தது. தடையுத்தரவைத் தனியே பெறவேண்டும். தொகையைக் கோர்ட்டார் திருத்தலாகாது என 2021இல் கூறிய சுப்ரீம் கோர்ட்டு, 2025இல் ஐவர் கூடிச் சிறிதளவு திருத்தலாம் என்றது.

சரக்கு அனுப்பும் பதிவுபெற்ற சிறுதொழிலாருக்கோ 2006ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்துணை. வசதி மன்றத் தீர்ப்பை எதிர்ப்பவர் முக்கால் பங்கைக் கட்டியபின்னரே மனு ஏற்கப்படும்.

ஆயினும் மத்தியஸ்த ஷரத்து எழுத்தில் இருத்தல் வேண்டும். நம்மவரோ வெற்றிலை பாக்கு மாற்றியதோடு கொத்துவேலையைத் தொடங்கிவிடுகின்றனர்! கையொப்பமிடுமுன் பத்திரத்தைச் சங்கத்தாரிடம் காட்டுமாறு வேண்டுகின்றோம்.